புகைவிடும் வாகனமும் கையொப்பமிட்ட கடதாசியும்

ஜேர்மனியில் வாழும் எம்மவர் ஒருவர் சொந்தமாகத் தொழில் செய்ய முடிவெடுத்தால், அவர் முதலில் தேடுவது கடைக்கான இடத்தையன்று. ஒரு பழைய டீசல் வானையோ மூன்றரைத் தொன்னுக்கு உட்பட்ட ஒரு சிறு லொறியையோதான் தேடுகிறார். அதிகாலையில் மொத்தச் சந்தைக்குச் சென்று மரக்கறி ஏற்றவும், கலியாண வீடுகளுக்குச் சமையற் பாத்திரங்களைக் கொண்டுசெல்லவும், இரவில் பத்திரிகைக் கட்டுகளை விநியோகிக்கவும், வீடு மாறுவோரின் தளபாடங்களைச் சுமக்கவும் அந்த ஒரு வாகனமே முதலாகின்றது. அதற்குரிய பணம் வங்கியிலிருந்து வருவதில்லை. உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவிச் சேர்த்ததும், சீட்டுக் கட்டி எடுத்ததும், மைத்துனரிடம் கைமாற்றாகப் பெற்றதுமே அது. ஆகவே அந்த வாகனத்தின் பின்புறத்தில் புகை கிளம்பும்போது, அதை வெறும் இயந்திரக் கோளாறு என்று எம்மால் ஒதுக்கிவிட முடியவில்லை.

எமக்கு நன்கு அறிமுகமான குடும்பமொன்றுக்கு 2023 ஆம் ஆண்டில் நேர்ந்ததை இங்கே குறிப்பிடுகின்றோம். நகரின் புறத்தேயுள்ள ஒரு வாகன விற்பனைக் களத்தில் ஏழாயிரத்து எண்ணூறு யூரோ கொடுத்து அவர்கள் ஒரு டீசல் வான் வாங்கினார்கள். பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஒரே திருகில் இயங்கியது. புகை இல்லை. மூன்றாம் கிழமை காலையில் வெண்புகை கிளம்பத் தொடங்கிற்று; குளிர்நீர்த் தாங்கியில் மட்டம் நாளுக்கு நாள் இறங்கியது. குடும்பத் தலைவர் விற்றவரிடம் போகவில்லை. தமக்குத் தெரிந்த எமது நாட்டவரான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் ஹெட் காஸ்கெற் போய்விட்டது என்று எஞ்சினைத் திறந்து மாற்றினார். செலவு இரண்டாயிரம் யூரோவுக்கு மேல். பத்து நாளில் புகை மீண்டும் வந்தது. உண்மையில் பழுதாகியிருந்தது ஹெட் காஸ்கெற் அன்று. வெளியேறும் வாயுவின் ஒரு பகுதியைக் குளிரவைத்து எஞ்சினுக்குத் திருப்பி அனுப்பும் சிறு குளிர்விப்பான். அது உள்ளே வெடித்து, குளிர்நீரைப் புகைக்குழாய்க்குள் விட்டுக்கொண்டிருந்தது. அதன் பின்னரே அவர் விற்பனையாளரிடம் சென்றார். “எஞ்சினைத் திறந்தவர் யாரோ, அவரிடமே கேளுங்கள்” என்ற பதிலோடு திரும்பினார்.

இதில் விற்பனையாளர் மட்டும் குற்றவாளி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைப்பது எளிது. நாம் அவ்வாறு எண்ணவில்லை. புகையை வாசிக்கத் தெரியாமையும், கையொப்பமிட்ட கடதாசியை வாசிக்காமையும் சேர்ந்தே எம்மவரின் பணத்தைத் தின்கின்றன.

புகையோடு சமரசம் செய்து வாழும் பழக்கம் எமக்கு எங்கிருந்து வந்தது என்பதும் நினைத்துப் பார்க்கத் தக்கது. 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர், ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோலை விட்டு உயிர்கொடுத்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, தெருவெல்லாம் புகைமண்டலமாக்கிக்கொண்டு போனோம். அன்று அது எமது கெட்டித்தனம். ஓடினாற் போதும் என்பதே அளவுகோல். அதே அளவுகோலை வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் பழைய டீசல் வாகனத்தை மதிப்பிடுவதால்தான் ஏமாறுகின்றோம். நாமும் இதற்கு விலக்கல்லர். வந்த புதிதில் நாம் வாங்கிய முதலாவது வான் நீலப்புகை விட்டபோது, “கொஞ்சம் புகைக்கத்தான் செய்யும், டீசல்தானே” என்று எமக்குச் சொன்னவரை நம்பி ஒரு மழைகாலம் முழுவதும் லீற்றர் லீற்றராக ஒயில் ஊற்றினோம்.

டீசல் எஞ்சினில் பற்றவைக்கும் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்று மிகக் கடுமையாக அமுக்கப்படும்போது அது பல நூறு பாகை வரை சூடேறுகின்றது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் எரிபொருள் தானாகவே பற்றிக்கொள்கின்றது. ருடோல்ப் டீசல் 1893 தொடக்கம் 1897 வரை அவுக்ஸ்பேர்க் நகரில் பாடுபட்டு நிறைவேற்றிய தத்துவம் இதுவே. அவரும் போரினால் இடம்பெயர்ந்த பிள்ளைதான். பாரிஸில் பிறந்தவர், 1870 இல் பிரான்சுக்கும் ஜேர்மனியருக்கும் போர் மூண்டபோது அவரது குடும்பம் பாரிஸை விட்டு இலண்டனுக்குப் போக நேர்ந்தது, பன்னிரண்டு வயதில் உறவினர் வீட்டில் வளர்வதற்காக அவுக்ஸ்பேர்க்குக்கு அனுப்பப்பட்டார். அது நிற்க. அந்தத் தத்துவத்தை மனதில் வைத்துக்கொண்டால் புகையின் நிறம் தானே பேசத் தொடங்கும்.

கரும்புகை என்றால் எரிபொருள் கூடி, காற்றுக் குறைந்துவிட்டது. அடைபட்ட காற்று வடிகட்டி, ரேர்போவிலிருந்து வரும் குழாயில் வெடிப்பு, இறுகிப்போன ரேர்போ, திறந்தபடியே நிற்கும் வாயுச் சுழற்சி வால்வு, ஒழுகும் இன்ஜெக்ரர் என்று காரணங்கள் பல. சில மலிவானவை, ஒரு குழாயோடு முடிந்துவிடும். ஆனால் துகள் வடிகட்டி பொருத்தப்பட்ட வாகனம் கரும்புகை விடவே கூடாது. சைலன்சர் குழாயின் உட்புறத்தில் விரலைவிட்டுப் பாருங்கள். விரல் கரியாகுமானால், வடிகட்டி வெடித்திருக்கின்றது, அல்லது எவரோ அதனை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

நீலப்புகை ஒயில் எரிவதன் அடையாளம். இரவு முழுதும் நின்ற வாகனம் காலையில் ஒருமுறை நீலமாக உமிழ்ந்துவிட்டுச் சும்மா இருந்தால், வால்வுகளின் சீல்கள் தேய்ந்திருக்கலாம். பாரத்தோடு ஏற்றத்தில் ஏறும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் பிஸ்ரன் ரிங்குகளையோ ரேர்போவையோ சந்தேகிக்கவேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். மெல்லிய ஆவி எழுவது வழமை. புஸ் புஸ் என்று அழுத்தத்தோடு புகை அடித்தால், சிலிண்டரின் அமுக்கம் கீழே கசிகின்றது என்று பொருள். அந்த வாகனத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வருவது உத்தமம். ரேர்போவின் சீல் முற்றாகப் போனால் வேறொரு ஆபத்தும் உண்டு. எஞ்சின் தன்னுடைய ஒயிலையே எரிபொருளாக இழுத்துக்கொண்டு தறிகெட்டு ஓடும். திறப்பைத் திருப்பினாலும் நிற்காது. கையால் கியர் மாற்றும் வாகனமாயின், உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுதாக மிதித்து, கிளச்சை விட்டு எஞ்சினைத் திணறடித்து நிறுத்துவதே வழி. பொனற்றைத் திறந்து தலையை நீட்டுவது அன்று.

வெண்புகைதான் எம்மவரை அதிகம் ஏமாற்றுவது. ஏனெனில் அதில் மூன்று வகை உண்டு. குளிர்காலக் காலையில் வந்து, சூடேறியதும் மறைந்துவிடும் மெல்லிய ஆவி நோயன்று; எல்லா வாகனமும் விடும். கண்ணை எரித்து, எரியாத டீசலின் காரநெடியோடு வரும் வெண்புகை இரண்டாவது வகை. சிலிண்டருக்குள் போதிய சூடு பிறக்கவில்லை. சூடேற்றும் குளோ பிளக் பழுதாகியிருந்தால் செலவு சிறிது. அமுக்கமே குறைந்திருந்தால் எஞ்சினின் ஆயுள் முடிகின்றது. மூன்றாவது, எஞ்சின் சூடான பின்னும் அடர்த்தியாகத் தொடர்ந்து, சற்றே இனிப்பான வாடையோடு வருவது. அது குளிர்நீர். ஹெட் காஸ்கெற், வெடித்த சிலிண்டர் ஹெட், நாம் மேலே சொன்ன வாயுக் குளிர்விப்பான் ஆகிய மூன்றில் ஒன்று. எது என்று ஊகிப்பது மெக்கானிக்கின் வேலையன்று. குளிர்நீர்த் தொகுதிக்குக் காற்றழுத்தம் கொடுத்து, அது எங்கே கசிகின்றது என்று பார்த்த பின்னரே சாவியைக் கையில் எடுக்கவேண்டும். அந்தச் சோதனைக்கு அதிக நேரமோ பணமோ வேண்டியதில்லை. அதைச் செய்யாமல் எஞ்சினைக் கழற்றியவர் எம்மவரே என்பதை நாம் வருத்தத்தோடு குறித்துக்கொள்கின்றோம்.

இவற்றுட் சில எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் வெளிப்படும். பார்க்க வருவதாக நேரம் குறித்தபின் விற்பவர் வாகனத்தை முன்கூட்டியே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருப்பது பழைய தந்திரம். போனவுடன் பொனற்றின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், “நாளை காலை வருகிறேன், அதுவரை திறப்பைத் திருப்பவேண்டாம்” என்று சொல்லத் தயங்கக் கூடாது. வெட்கம் வேண்டியதில்லை, கொடுப்பது எமது பணம். எச்சரிக்கை விளக்குகளைக் கணினிக் கருவியால் அழித்துவைப்பதும் உண்டு. அதே கருவியைக் கொண்டுபோகும் ஒருவர், வாகனம் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் இன்னும் முடிவடையவில்லை என்பதைக் கண்டால், பழுதுப் பதிவுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம் என்று ஊகித்துவிடுவார். இவ்வளவும் எமக்கு முடியாது எனில், பரிசோதனை நிறுவனமொன்றுக்கு வாகனத்தைக் கொண்டுசென்று காட்டிய பின்பே வாங்குவோம் என்று கேட்கலாம். விலையோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. விற்பவர் அதற்கு மறுத்தால் அதுவே பதில்.

இனிக் கடதாசிக்கு வருவோம். “பழைய வாகனத்துக்கு ஏது உத்தரவாதம்? பார்த்தபடியே வாங்கியது, பார்த்தபடியே போகவேண்டியது” என்று எமது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1980களிலும் 1990களிலும் இங்கு வந்து வாகனம் வாங்கியபோது ஜேர்மனியில் நிலைமை அதுவாகவே இருந்தது. பாவித்த வாகனத்துக்குரிய பொறுப்பை விற்பனையாளர் ஒரே வரியில் நீக்கிவிடலாம். 2002 ஜனவரி முதலாம் திகதியோடு அந்தக் காலம் முடிந்தது. தொழில்முறை விற்பனையாளர் தனிப்பட்ட பாவனையாளருக்கு விற்கும்போது, சட்டப்படியான பொறுப்பை அவர் முற்றாக நீக்க முடியாது. தெளிவாக அறிவித்துத் தனியாக ஒப்பந்தம் செய்தாலே பாவித்த பொருளுக்கு அதனை ஓராண்டாகக் குறைக்கலாம். 2022 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து மேலும் ஒரு மாற்றம். ஒப்படைத்து ஓராண்டுக்குள் வெளிப்படும் குறைபாடு ஒப்படைக்கும்போதே இருந்தது என்று சட்டம் கருதும். இல்லை என்று நிறுவவேண்டியவர் விற்பனையாளர். முன்னர் அது ஆறு மாதம். முப்பது ஆண்டுக்கு முந்திய சட்டத்தைத் தந்தையர் மனப்பாடமாக வைத்திருக்க, மக்கள் இன்றைக்கும் அதையே நம்பித் தோற்பது எமக்குப் பொறுக்க முடியாத ஒன்று.

ஐரோப்பிய நீதிமன்றம் 2015 ஜூன் 4 ஆம் திகதி தீர்த்த வழக்கொன்றை இங்கு சொல்வது பொருந்தும். நெதர்லாந்தில் ஒரு பெண் விற்பனையாளரிடம் வாங்கிய பழைய கார் நான்கு மாதத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீப்பற்றி அழிந்தது. பின்னர் அது பழைய இரும்பாகிவிட்டதால் காரணத்தை ஆராயவும் முடியவில்லை. எனினும் குறைபாடு வெளிப்பட்டது என்பதைப் பாவனையாளர் நிறுவினாற் போதும். அதன் காரணத்தையோ, அதற்கு விற்பனையாளரே பொறுப்பு என்பதையோ அவர் நிறுவவேண்டியதில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழியைப் பின்பற்றி ஜேர்மன் சமஷ்டி நீதிமன்றமும் 2016 ஒக்டோபரில் தனது பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. ஆயினும் வயதுக்கும் ஓடிய தூரத்துக்கும் ஏற்ற இயல்பான தேய்மானம் குறைபாடாகாது. இரண்டரை இலட்சம் கிலோமீற்றர் ஓடிய வானின் கிளச் தேய்ந்தது என்று எவரும் வழக்குப் போட முடியாது. வெடித்த குளிர்விப்பான் தேய்மானமா குறைபாடா என்பதில்தான் வழக்கறிஞர்கள் சண்டையிடுவார்கள்.

அப்படியானால் எமக்கு அறிமுகமான அந்தக் குடும்பத்துக்கு ஏன் பணம் திரும்பவில்லை? இரண்டு காரணங்கள். விற்பனைக் களத்தில் இருந்தவர், “தொழிலுக்கு வாங்குவதாக எழுதினால் முந்நூறு யூரோ குறைக்கலாம்” என்றார். எமது நண்பருக்குப் பதிவுசெய்த தொழில் எதுவும் அன்று இருக்கவில்லை. தொடங்கும் எண்ணம் மட்டுமே. முந்நூறு யூரோவுக்காகக் கையொப்பமிட்டார். தொழிலுக்கு வாங்குபவருக்குப் பாவனையாளர் பாதுகாப்பு இல்லை. அங்கே பொறுப்பை முழுதாக நீக்கிவிடலாம். தொழிலர் என்று பொய் சொல்லி வாங்கியவர் பின்னர் பாவனையாளர் என்று உரிமை கோர முடியாது என்று சமஷ்டி நீதிமன்றம் 2004 இலேயே தீர்ப்பளித்துள்ளது. விற்பவருக்கு உண்மை தெரிந்திருந்தது என்று வாதாடலாம்; சாட்சி எங்கே? ஏற்றுமதிக்கு மாத்திரம், தொழிலருக்கு மாத்திரம், திருத்தி ஓடுவோருக்கான வாகனம் என்ற சொற்களை விளம்பரத்திலோ ஒப்பந்தத்திலோ கண்டால் எச்சரிக்கையடைய வேண்டும். உண்மையிலேயே தொழிலுக்கு வாங்குவோர் அந்த வரியை வெட்டுமாறு பேரம்பேசலாம். இயலாவிடின், எஞ்சின் பழுதின்றி உள்ளது, குளிர்நீர் இழப்பில்லை என்ற வாசகத்தையாவது எழுத்தில் கேட்கவேண்டும். பதிவுசெய்த வணிகர்களாயின் பொருளை ஏற்றவுடன் பரிசோதித்துக் குறைபாட்டைத் தாமதமின்றி அறிவிப்பதும் அவர்கள் கடமை.

இரண்டாவது காரணம் இதனிலும் வருந்தத்தக்கது. விற்பவருக்குத் திருத்திக் கொடுக்கும் சந்தர்ப்பத்தை முதலில் வழங்கவேண்டும் என்பது சட்டம். அவரிடம் கேட்காமல் வேறொருவரிடம் திருத்திவிட்டுப் பற்றுச்சீட்டை நீட்டினால், விதிவிலக்கான சில நிலைமைகள் தவிர, ஒரு சதமும் கிடைக்காது. சமஷ்டி நீதிமன்றம் 2005 இல் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் எம்மவரின் வழக்கம் என்ன? புகை வந்த அன்று மாலையே தெரிந்தவர் ஒருவரின் பின்வளவுக்குக் கொண்டுபோவது. அவரும் அன்பினால் இரவிரவாகக் கழற்றிவிடுவார். அந்த அன்பு எமது உரிமையைக் கொன்றுவிடுகின்றது. எதையும் கழற்றுமுன் குறைபாட்டை எழுதி, தவணையொன்றைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் விற்பவருக்கு அனுப்புங்கள். வாகனத்தை அவரிடம் கொண்டுசேர்க்கும் செலவையும் அவரே ஏற்கவேண்டும். இருமுறை முயன்றும் திருத்தம் சரிவராவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலகிப் பணத்தைக் கேட்கலாம்.

கரன்ரி என்று ஒரு பளபளப்பான சிறு புத்தகம் தருவார்களே, அது வேறு. அது சட்டம் தரும் உரிமையன்று, ஒரு காப்புறுதி. ஓடிய தூரம் கூடக்கூட உதிரிப்பாகத்துக்கு அது கொடுக்கும் வீதம் குறையும். துகள் வடிகட்டி, இன்ஜெக்ரர், சீல்கள் பெரும்பாலும் பட்டியலில் இருக்கா. குறித்த காலத்தில் ஒயில் மாற்றிய சான்று கேட்பார்கள். அனுமதி பெறுமுன் திருத்தினால் கைவிரித்துவிடுவார்கள். சில விற்பனையாளர்கள் “கரன்ரி நிறுவனத்திடம் போங்கள்” என்று சொல்லித் தமது சட்டப் பொறுப்பிலிருந்து நழுவப் பார்ப்பதும் உண்டு. இரண்டும் தனித்தனி. ஒன்று இருப்பதால் மற்றது இல்லாமற் போகாது.

எமது சமூகத்துக்குள் நடக்கும் வியாபாரத்தைப் பற்றி எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை. தனிப்பட்டவர் விற்கும்போது பொறுப்பை நீக்கிக்கொள்ள ஜேர்மன் சட்டம் அனுமதிக்கின்றது. ஆனால் தெரிந்த குறைபாட்டை வேண்டுமென்றே மறைத்தவருக்கு அந்த வரி துணைபோகாது. எஞ்சின் ஒயிலைத் தடிப்பாக்கும் திரவத்தை ஊற்றினால் நீலப்புகை சில கிழமைகளுக்கு அடங்கும். அப்படி அடக்கி, நேற்று வந்து தஞ்சம் கோரி, வேலை செய்வதற்கான அனுமதி இப்போதுதான் கிடைத்த ஓர் இளைஞனிடம் “நம்ம ஊர்ப் பெடியன்தானே, உனக்காகக் குறைத்துத் தருகிறேன்” என்று விற்பவர்களை நாம் அறிவோம். கடதாசியும் எழுதுவதில்லை; எழுதச் சொன்னால் நம்பிக்கையில்லையா என்று கோபித்துக்கொள்வார்கள். இதற்குத் திருட்டு என்பதைவிட மென்மையான சொல்லொன்றை நாம் தேடப்போவதில்லை. ஒரே ஊரவர், ஒரே கோவில் என்பதற்காகவே ஒப்பந்தத்தை இன்னும் கவனமாக எழுதவேண்டும். ஓடிய தூரம், விபத்து, ஒயில் குடிக்கும் அளவு, வடிகட்டி இருக்கின்றதா என்பன எல்லாம் அதில் இருக்கட்டும்.

வடிகட்டியை வெட்டி எடுத்துத் தருவதாகச் சொல்லும் கராஜ்காரரும் எம்மிடையே உண்டு. அவ்வாறு செய்த வாகனம் வீதியில் ஓடும் அனுமதியை இழக்கின்றது. இரண்டாண்டுக்கொருமுறை வரும் பரிசோதனையில் அகப்பட்டால் புதிய வடிகட்டியின் விலை பழைய வானின் விலையை நெருங்கும். எம்மவர் வடிகட்டிகள் ஏன் இவ்வளவு விரைவில் அடைபடுகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. வடிகட்டியில் சேரும் கரி ஏறத்தாழ அறுநூறு பாகைச் சூட்டில்தான் எரிந்து அகலும். கடைக்குக் கடை, வாசலுக்கு வாசல் என்று இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தும் வாகனத்தில் அந்தச் சூடு ஒருபோதும் வராது. எஞ்சின் தானாக எரிக்க முயன்று, பாதியில் நிறுத்தப்பட்டு, மேலதிகமாகத் தெளித்த டீசல் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் மட்டம் கூடிவிட்டது என்று மகிழ்பவரை நாம் கண்டிருக்கின்றோம்; அது கேடு. கிழமைக்கு ஒருமுறையாவது வேகவீதியில் இருபது நிமிடம் ஓட்டுவது எந்தத் திரவத்திலும் பார்க்க நன்று. பத்திரிகை போடுவதற்கு மாத்திரம் வாகனம் தேவைப்படுபவர் டீசலே வாங்காதிருப்பது அதைவிட நன்று.

ஏனைய நாடுகளில் உள்ள எமது வாசகர்களுக்குச் சுருக்கமாக. பிரித்தானியாவில் 2015 ஆம் ஆண்டின் பாவனையாளர் உரிமைச் சட்டம், விற்பனையாளரிடம் வாங்கிய வாகனம் குறைபாடுடையதாயின் முதல் முப்பது நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையைத் தருகின்றது. ஆறு மாதம் வரை திருத்தம் கேட்கும்போது குறைபாடு முன்பே இருந்தது என்று கருதப்படும். வாகன இலக்கத்தைக் கொண்டே அதன் ஆண்டுப் பரிசோதனை வரலாற்றை அங்கே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். பிரான்சில் மறைந்த குறைபாட்டுக்கான உரிமை தனிப்பட்டவரிடம் வாங்கினாலும் எழக்கூடும், கண்டறிந்ததிலிருந்து இரண்டாண்டு. சுவிற்சர்லாந்தில்தான் மிகக் கவனம் தேவை. அங்கே பொறுப்பை ஒப்பந்தத்தால் முற்றாக நீக்கிவிடலாம். வஞ்சகமாக மறைத்தாலன்றி கேள்வியில்லை.

இவ்வளவையும் அறிந்தும் நீதிமன்றம் என்றதும் எம்மவர் பின்வாங்குவதற்கு ஓர் அச்சம் காரணம். தஞ்ச வழக்கு முடிவடையாத நிலையில் இன்னொரு வழக்கா, விசாவுக்குக் கேடு வருமா என்கின்றார்கள். வாகனம் வாங்கிய பிணக்கு ஒரு குடியியல் விடயம். அகதி விண்ணப்பத்தோடு அதற்குத் தொடர்பில்லை. குறைந்த வருமானமுடையோர், எந்நாட்டவராயினும், ஜேர்மனியில் தமது பகுதி நீதிமன்றத்தில் சட்ட ஆலோசனைக்கான சான்றிதழ் கேட்கலாம். கிடைத்தால் வழக்கறிஞருக்குத் தாம் கொடுக்கவேண்டியது பதினைந்து யூரோ. வாகனத் தொழிலர் சங்கங்களில் அங்கத்துவம் வகிக்கும் விற்பனையாளர்களோடுள்ள பிணக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் இணக்கசபைகளும் உண்டு. மூன்றரைத் தொன்னுக்கு உட்பட்ட வாகனங்களாயின் அங்கும் போகலாம்.

நாம் முதலிற் சொன்ன குடும்பத்தின் உறவினர் ஒருவர், பக்கத்து நகரில் வசிப்பவர், மறு ஆண்டு அதேபோன்றதொரு வானை வாங்கினார். இம்முறை தமது சொந்தப் பெயரில், பாவனையாளராக. ஐந்தாம் மாதத்தில் வெண்புகை வந்தது. மெக்கானிக் தம்பி உடனே வரச் சொன்னார், இவர் போகவில்லை. இங்கே படித்த மகள் ஒரு பக்கக் கடிதம் எழுதினாள். புகையின் நிறம், வாடை, எந்தக் கிலோமீற்றரில் எத்தனை லீற்றர் குளிர்நீர் ஊற்றப்பட்டது என்று திகதி வாரியாக. இரண்டு கிழமைத் தவணை. விற்பனையாளர் ஒருமுறை திருத்தினார், சரிவரவில்லை, மறுமுறையும் சரிவரவில்லை. மூன்றாவது கடிதத்தின் பின்னர் வாகனத்தை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஓடிய நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றருக்கு என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார். சட்டப்படி அது அவருக்கு உரியது. எவ்வளவு கழிக்கலாம் என்பதையும் அந்தப் பிள்ளை முன்பே கணக்கிட்டு வைத்திருந்தாள். விலையை ஓடிய தூரத்தால் பெருக்கி, வாகனம் இன்னும் ஓடக்கூடிய மொத்தத் தூரத்தால் பிரிப்பது. விற்பனையாளர் எழுதிய தொகை அதைவிட அதிகமாக இருந்ததால், நான்காவதாகவும் ஒரு கடிதம் போனது.